காதுக்குப் பின்னால ஒரு சொட்டு

அத்தியாயம் 11

ஹலோ, வித்யா? தூங்கிட்டியா? எந்திரிச்சு உக்காரு. சத்தமாப் பேசாத, நானும் மெதுவாத்தான் பேசுவேன். மணி பன்னெண்டே முக்கால்.

மாடிப்படிக்குக் கீழ, செருப்பு உடற எடத்துல உக்காந்திருக்கேன். ஹாலு பூராக் கண்ணாலத்துக்கு வந்த ஒறம்பரை படுத்துக் கெடக்குது. கால் வெக்க எடமில்ல. எல்லாரும் நல்லாக் கொறட்டை உட்டுத் தூங்கறாங்க. எனக்குத்தான் தூக்கம் வரல.

எனக்குப் பயமா இருக்கு வித்யா. அத்தையை நெனச்சு இல்ல. எங்கம்மாவ நெனச்சு.

இரு, மொதல்ல இருந்து சொல்றேன். ஞாயித்துக்கெழம நடந்ததச் சொன்னேனில்ல? சித்தப்பா கலையரசனுக்கு வியாழக்கெழம கண்ணாலம். பொண்ணு இந்த ஊட்டுல காலெடுத்து வெக்கறப்ப ஆரத்தி எடுக்கறது மூத்த மருமக. எங்கூட்டுல அது எங்கம்மா. எங்கப்பா போர் போடற ரிக் வண்டியோட மகாராஷ்டிராவுல கெடந்தாலும், அவரு இல்லாம இந்தக் கண்ணால வேல பூரா இழுத்துப் போட்டுச் செஞ்சது எங்கம்மா ஜோதிதான்.

அறிவுச்செல்வி அத்தை, எங்கப்பாவோட அக்கா, அயோத்தியாப்பட்டணத்துல இருந்து கார்ல வந்து எறங்கி ஒரு மணி நேரம் ஆகல. பந்தல்ல பங்காளிங்க அத்தன பேரும் உக்காந்திருக்க, எங்கம்மா தாடையப் புடிச்சு வெளிச்சத்துப் பக்கம் திருப்புச்சு.

"பாருங்க, ரெண்டு கன்னத்துலயும் எப்படிக் கருப்பா மங்கு படிஞ்சு கெடக்குதுன்னு. இந்த மூஞ்சியோட ஆரத்தி எடுத்தா வீடியோவுல ஆயுசுக்கும் இருக்கும். பொண்ணூட்டுக்காரங்க ஏதோ சீக்குன்னு நெனைக்க மாட்டாங்களா? ஆரத்திய வேற ஆராச்சும் எடுக்கட்டும். ஜோதி, நீ சமையக்கட்டப் பாத்துக்க."

பங்காளிங்கள்ல ஒருத்தரு சிரிச்சாரு. அது எனக்கு நல்லாத் தெரியும், ஆருன்னும் தெரியும்.

எங்கம்மா என்ன சொல்லுச்சு தெரியுமா? "சரிங்க நங்கையா." அவ்வளவுதான். நங்கையான்னா நாத்தனார், உங்க ஆத்தூர்ப் பக்கம் அண்ணிம்பீங்க. சொல்லிட்டு முந்தானையால தாடையத் தொடச்சுக்கிட்டு உள்ள போயிருச்சு.

அந்த மங்கு என்னயப் பெத்தப்பறம் வந்தது வித்யா. பதினேழு வருசமா இருக்குது. அப்ப அது என்னால வந்ததுதான? அந்த நிமிசமே முடிவு பண்ணிட்டேன். அத்தையச் சும்மா உடக் கூடாதுன்னு.

எப்படின்னுதான் தெரியல. சின்னாயிக்கா வந்துதான் வழி காட்டுச்சு. அதுக்கே தெரியாம.

முறுக்குச் சுட வந்த சின்னாயிக்கா நேத்து எங்கிட்டத் தேன் பாட்டல வாங்கி நக்கிப் பாத்துட்டு, "கையக் கழுவு அம்மிணி, தலைல கிலைல தொடச்சுறாத. தேன் பட்டா முடி நரைச்சுப் போயிரும். ரெண்டே நாளு, பஞ்சு மாதிரி ஆயிரும்"னுச்சு.

நீயும் கேள்விப்பட்டிருப்ப. எல்லாரும் சொல்றதுதான. எனக்கு மண்டைக்குள்ள மணியடிச்ச மாதிரி இருந்துச்சு.

அத்தைக்கு நாப்பத்தஞ்சு வயசு. முடி இடுப்புக்குக் கீழ தொங்குது, கருகருன்னு. அதுல அதுக்கு அவ்வளவு பெருமை. பந்தல்ல நின்னு அவுத்து உட்டு உதறிக் கொண்டை போடும், நாலு பேரு பாக்கோணும்னு. அதுலயும் புதங்கெழம சாயந்தரம் இணைச்சீர். உங்க பக்கம் அது இல்லைல்ல? மாப்பிள்ளையோட அக்காளோ தங்கச்சியோ கண்ணாலப் பொண்ணாட்டம் பட்டுக் கட்டி, நகை பூட்டி, மாப்பிள்ளை பக்கத்துல நிக்கோணும். அன்னிக்கு ஊரே அவியளத்தான் பாக்கும். எங்கூட்டுச் சீர்க்காரி அறிவுச்செல்வி அத்தை.

ஊரே பாக்கறப்ப வகிடு வெளுத்துப்போயி நிக்கட்டும். எங்கம்மா மூஞ்சியத் திருப்புன மாதிரி ஒவ்வொருத்தரும் அது தலையத் திரும்பிப் பாக்கட்டும்.

இதான் என் திட்டம். சிரிக்காத.

*

அத்தையே வந்து மாட்டுச்சு. நேத்துத் திங்கக்கெழம காத்தால வெந்நியில தேனக் கலந்து குடிச்சுக்கிட்டே கேக்குது, "இணைச்சீருக்கு மூஞ்சி பளபளன்னு இருக்கோணும். பார்லர்ல எல்லாம் கெமிக்கலு. உங்கூட்டுலயே தேன் பேக் இருக்குதே, அதப் போடலாமா?"

எங்கம்மா தேன் பேக்கப் பத்தி உனக்குச் சொல்லோணுமா? கொல்லிமலைத் தேனு, கஸ்தூரி மஞ்சளு, பாசிப்பயறு மாவு, ஒரு கரண்டி தயிரு. எருமப்பட்டியில பாதிப் பொண்ணுங்க கண்ணாலத்துக்கு எங்கூட்டு வாசலுக்குத்தான் வரும். ஆனா ஆரு வந்தாலும் எடுத்த உடனே மூஞ்சிக்குப் போடாது. காதுக்குப் பின்னால ஒரு சொட்டு தடவி அனுப்பிரும். "நாளைக்கு வா சாமி. அரிக்கல, தடிக்கலன்னா போடலாம்"னும். எவ்வளவு அவசரம்னாலும் அதேதான். உனக்கே வெச்சு உட்டுச்சே, நீ பஸ்ஸுல ஹாஸ்டல் வரைக்கும் காதத் தொடாம புடிச்சுக்கிட்டு வந்தியே.

அத்தைக்கும் வெச்சுச்சு. அவ்வளவு பேச்சு வாங்குன மறுநாளு, அதே அத்தை காதுக்குப் பின்னால, விரல் நுனியில, பதமா.

"பெரிய டாக்டரம்மா"னுச்சு அத்தை. "ஊருக்கெல்லாம் தேனத் தடவற, உன்ற மங்கு போகக் காணோமே?"

அம்மா பாட்டல் மூடிய ஒருதடவைக்கு ரெண்டுதடவ திருகி மூடுச்சு. அது அம்மா பழக்கம். எதையும் வெச்ச எடத்துல மறக்காது, எதையும் தொறந்து போட்டுட்டுப் போகாது. இத ஞாபகம் வெச்சுக்க, பின்னால வேணும்.

இன்னிக்குக் காத்தால அத்தை காது சுத்தமா இருந்துச்சு. அம்மா கிண்ணத்துல பேக்கக் கலந்துட்டு எந்திரிச்சுச்சு. அத்தை கையக் காட்டித் தடுத்துருச்சு.

"நீ வேண்டா ஜோதி. மங்குக் கை, எனக்கு ஒட்டிக்கிட்டா என்ன பண்றது? தேவி போட்டு உடட்டும்."

அம்மா கிண்ணத்த என் கையில குடுத்துட்டுப் போயிருச்சு. அந்த நிமிசம் வரைக்கும் எனக்குக் கொஞ்சம் யோசனை இருந்துச்சு வித்யா. அதுக்கப்பறம் இல்ல.

*

மேல மாடி ரூம்ல பாயை விரிச்சு அத்தையப் படுக்க வெச்சேன். மூஞ்சிக்கு, கழுத்துக்கு, கைக்கு, எல்லாத்துக்கும் போட்டேன். ஒதட்டுக்குச் சக்கரையும் தேனும் கலந்து தேச்சு உட்டேன். கண்ணு மேல ரெண்டு வெள்ளரிக்கா வில்லை. சும்மா சொல்லக் கூடாது, எங்கம்மா மாதிரியே சுத்தமாப் பண்ணுனேன்.

"உனக்கு நல்ல கை அம்மிணி. உங்கம்மாகிட்ட இருந்து இத ஒண்ணுதான் கத்துக்கோணும். வேற ஒண்ணும் கத்துக்காத."

"சரிங்கத்தை."

"பொண்ணுன்னா நாலு எடத்துல நிமுந்து நிக்கோணும். அவளாட்டம் எதச் சொன்னாலும் சரிங்க சரிங்கன்னு…"

"பேசாதீங்கத்தை, பேக்கு வெடிச்சிரும்."

வாய மூடுச்சு. கண்ணும் மூடியிருந்துச்சு. நான் பின்னால மறைச்சு வெச்சிருந்த தேன் பாட்டல எடுத்தேன். வகிட்டுல ஊத்துனேன். நெத்தியில இருந்து உச்சி வரைக்கும், ஒரு கோடு. அப்பறம் ரெண்டு பக்கமும் விரலை உட்டு வேர்க்கால்ல நல்லாத் தேச்சேன்.

"என்னடி தலையில பிசுபிசுங்குது?"

"எண்ணெய்ங்கத்தை. குளிர்ச்சிக்கு. கண்ணுக்கு நல்லது."

"ம்… சொகமாத்தான் இருக்கு."

அத்தை அப்படியே தூங்கிருச்சு வித்யா. நான் பக்கத்துல உக்காந்து, நரைச்சிரு நரைச்சிருன்னு மனசுக்குள்ளயே சொல்லிக்கிட்டு இருந்தேன். எந்தச் சாமிகிட்டயும் அவ்வளவு உருக்கமா நான் வேண்டுனதில்ல.

முக்கா மணி நேரம் கழிச்சு, பாதித் தூக்கத்துல இருந்த அத்தையப் பாத்ரூம்ல முக்காலி போட்டு உக்கார வெச்சு, வெந்நி ஊத்திச் சீயக்காப் போட்டுத் தலையக் கசக்குனேன்.

தண்ணி கருப்பா ஓடுச்சு.

நான் மொதல்ல அழுக்குன்னு நெனச்சேன். இன்னொரு சொம்பு ஊத்துனேன். மை கரைச்ச மாதிரி ஓடுது. துண்டுல தொடச்சா துண்டு கருப்பு. துண்டை எடுத்துட்டுப் பாத்தா வகிட்டுல ரெண்டு வெரக்கடை அகலத்துக்கு வெள்ளை. பால் வெள்ளை.

ரெண்டு நாளுன்னுதான சின்னாயிக்கா சொல்லுச்சு? ஒரு மணி நேரங்கூட ஆகலயே! நான் ஏதோ செய்வினை பண்ணிட்ட மாதிரி இருந்துச்சு.

அத்தை எந்திரிச்சு ரூமுக்கு வந்து கண்ணாடியப் பாத்துச்சு. கத்தும்னு காதப் பொத்திக்கலாம்னு இருந்தேன். கத்தல. வெசயாத் துண்டை எடுத்துத் தலையில சுத்துச்சு. கதவைச் சாத்தித் தாப்பாப் போட்டுச்சு. என் கையப் புடிச்சு கட்டல்ல உக்கார வெச்சுச்சு.

"ஆருகிட்டயும் சொல்லாத. உங்கம்மாகிட்டச் சொல்லவே சொல்லாத."

"அத்தை, நான் வேணும்னு…"

"நீ என்னடி பண்ணுவ? கழுவுனா போகத்தான் செய்யும்."

அப்பத்தான் புரிஞ்சுது. அத்தைக்கு நாலஞ்சு வருசமாவே முன்னந்தலை நரைதான். டை ஆகாது. ரெண்டு வருசம் முந்திப் போட்டு மூஞ்சி பூசணிக்காயாட்டம் வீங்கி, கண்ணு ரெண்டும் மூடி, ஆஸ்பத்திரியில மூணு நாளு கெடந்துச்சாம். மறுக்காப் போட்டா மூச்சே அடைச்சிரும்னு டாக்டர் சொல்லி உட்டாராம். அதுல இருந்து ஒரு மைக்குச்சி வாங்கி வெச்சுத் தெனமும் வகிட்டுல தீட்டிக்குது. தேனும் வெந்நியும் சேந்து அத்தனையும் கழுவி எடுத்துருச்சு.

பையக் கொட்டித் தேடுச்சு. குச்சி கடைசித் துளியோட இருக்குது. ஆன்லைன்ல வரவெச்சது, வர மூணு நாளாகுமாம்.

"கண்மைய வெச்சுத் தீட்டலாங்களா?"

"லைட்டு வெளிச்சத்துல வேர்த்தா நெத்தியில வழியும்டி. பட்டுச்சேலையோட பேய் மாதிரி நிக்கவா?"

சிரிப்பு வந்துச்சு எனக்கு. அடக்கிக்கிட்டேன்.

அத்தை கொட்டுன சாமானெல்லாம் பைக்குள்ள அள்ளிப் போட்டுச்சு. அப்பறம் சொல்லுச்சு, "கடைக்குப் போயி கருப்பு டை ரெண்டு பாக்கெட் வாங்கிட்டு வா. அஞ்சு நிமிசம் வெச்சுட்டுக் கழுவிக்கிறேன். அஞ்சு நிமிசத்துல என்ன ஆயிரும்?"

*

ஸ்கூட்டிய எடுத்துக்கிட்டு எருமப்பட்டி போனேன் வித்யா. வழியெல்லாம் ஒரே நெனப்பு. நான் நரைய நெனச்சு ஆரம்பிச்சேன், இப்ப அதவிடப் பெருசா கைக்கு வந்துருச்சு. மூஞ்சி வீங்குனா இணைச்சீருக்கு எப்படி நிக்கும்? எங்கம்மா மூஞ்சிய வீடியோவுக்கு ஆகாதுன்ன மூஞ்சி, கண்ணே தெரியாம வீங்கிக் கெடந்தா?

நல்லா இருக்கும்னு தோணுச்சு. உங்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன். ரொம்ப நல்லா இருக்கும்னு தோணுச்சு. மூச்சு அடைக்கும்னு சொன்னத நான் கேக்காத மாதிரியே வண்டி ஓட்டுனேன்.

ரெண்டு பாக்கெட் வாங்கிட்டு வந்து படியேறப் போனேன். அம்மா சமையக்கட்டு வாசல்ல நின்னு கையப் புடிச்சிருச்சு.

"என்ன சாமி அது?"

எங்கம்மாகிட்ட என்னால மறைக்க முடியாது. தேனு, வகிடு, கருப்புத் தண்ணி, டை, ஆஸ்பத்திரி, எல்லாத்தையும் கொட்டிட்டேன். அடிக்கும்னு பாத்தா, சிரிக்குது வித்யா. முந்தானைய வாயில அமுக்கிக்கிட்டு, தோளு குலுங்கச் சிரிக்குது.

"பைத்தியமே. தேன் பட்டா நரைக்குமா? பத்து வருசமா என்ற கையில தேன் படாத நாளு இருக்குதா? என்ற கை முடியெல்லாம் வெளுத்தா போச்சு?"

"எல்லாரும் சொல்றாங்களேம்மா."

"எல்லாரும் தேன் தடவுனா மங்கு போயிரும்னுந்தான் சொல்றாங்க. தெனமும் தடவறேன். போச்சா?"

சிரிப்பு நின்னுருச்சு. ரெண்டு பாக்கெட்டையும் என் கையில இருந்து வாங்கிக்கிச்சு.

"குடு. நான் பாத்துக்கறேன்."

நானும் பின்னாலயே போனேன். அத்தை கதவத் தொறந்து அம்மாவப் பாத்ததும், தலையில துண்டை இறுக்கிப் புடிச்சுக்கிச்சு.

"மறைக்காதீங்க நங்கையா. இதுல என்ன இருக்குது" அப்படின்னு சொல்லிக்கிட்டே அம்மா ஒரு பாக்கெட்டப் பிரிச்சுச்சு. ஒரு கரண்டியில துளியூண்டு கலக்குச்சு. அத்தை தலையைக் குடுத்துக்கிட்டு உக்காந்திருச்சு. அம்மா தலையத் தொடல. காத மடிச்சுப் பின்னால ஒரு சொட்டு வெச்சுச்சு.

"அவ்வளவுதானுங்க. ராத்திரி எட்டு மணிக்குப் பாப்போம்."

"இதுக்குமாடி? எனக்கு நேரமில்ல ஜோதி."

"என்ற வழக்கம் அதுதானுங்க. ஆருக்கும் மாத்துனதில்ல."

எட்டு மணிக்குப் பாக்க வேண்டியே இல்ல. ஆறு மணிக்கே அத்தை காதைச் சொரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. எட்டு மணிக்குக் காதுக்குப் பின்னால நாட்டுக் கோழி முட்டை அளவுக்குச் செவந்து தடிச்சு நின்னுச்சு. ஒரே ஒரு சொட்டுக்கு.

*

அப்ப ரூம்ல நாங்க மூணு பேருதான். கீழ மேளக்காரங்க வந்து டீ கேட்டுக்கிட்டு இருந்தாங்க.

"பாத்தீங்களா நங்கையா? ஆகாதுங்க. உசுருக்கே வந்துரும்."

"அப்ப நாளைக்கு நான் எப்படி நிக்கறது?"

"நரையோட நில்லுங்க."

"அத்தன சனமும் பாக்கும் ஜோதி!"

"பாக்கட்டுங்க. ஞாயித்துக்கெழம என்ற மூஞ்சியையும் அத்தன சனமும் பாத்துச்சுங்க. நான் செத்தா போயிட்டேன்?"

கொரலு ஒசரல வித்யா. சாம்பாருக்கு உப்புப் போதுமான்னு கேக்கற மாதிரித்தான் சொல்லுச்சு. அத்தை மூஞ்சி தேன் பேக்குல நல்லாப் பளபளன்னு இருக்குது, அதுக்கு மேல கண்ணுல தண்ணி.

"சரி, ஆரத்தி நீயே எடுத்துக்க. போதுமா?"

"இந்த ரூமுக்குள்ள குடுத்தா ஆருக்குத் தெரியும்ங்க? பந்தல்ல அத்தன பேரு முன்னாடி எங்கிட்ட இருந்து பறிச்சீங்க. பந்தல்ல அத்தன பேரு முன்னாடி குடுங்க. ஜோதி மூஞ்சியில ஒண்ணும் இல்ல, நான்தான் தப்பாப் பேசிட்டேன்னு சொல்லிக் குடுங்க. அப்பறம் நானே உங்களுக்குத் தலை பின்னி, வகிட்டுல நெத்திச்சுட்டி வெச்சு, ஒரு நரை தெரியாம பூவ வெச்சு மறைச்சு நிக்க வெக்கறேன்."

வித்யா, எனக்கு அப்ப கை தட்டோணும் போல இருந்துச்சு. பதினேழு வருசத்துக்கும் சேத்து எங்கம்மா பேசுச்சு.

அத்தை எந்திரிச்சுது. மூக்க உறிஞ்சுச்சு.

"உன்ற தயவுல நான் நிக்கோணுமா? கோழிப்பண்ணையில முட்டை பொறுக்குனவ மக எனக்குப் பேரம் பேசறா. வெளிய போ."

எங்கம்மாயிய இழுத்துச்சு பாரு. செத்துப்போன மனுசிய. அதைக் கேட்டதும் அம்மா மூஞ்சி மாறுச்சு. ஒரு நிமிசம்தான். அப்பறம் சிரிச்சுது. கரண்டிய எடுத்துச்சு, பிரிச்ச பாக்கெட்ட எடுத்துச்சு, துணியால மேசையத் தொடச்சுச்சு, என் தோளத் தொட்டு, "வா சாமி, பந்திக்கு எல போடோணும்"னு கூட்டிட்டு வந்துருச்சு.

நான் அத்தையோட தோத்த மூஞ்சியவே நெனச்சு நெனச்சுச் சந்தோசமா எல போட்டேன். ரெண்டு தடவ பாயசம் வாங்கிக் குடிச்சேன்.

பதினொண்ணரைக்குப் படுத்தப்பறம்தான் வித்யா. அம்மா மடியில இருந்து சாவி எல்லாம் எடுத்து வெச்சுக்கிட்டு இருக்குது. அதோட அந்தப் பிரிச்ச டை பாக்கெட்டும் இருக்குது. ஒண்ணு.

நான் வாங்குனது ரெண்டு.

அம்மா மேல கொண்டு போனது ரெண்டு. என் கண்ணால பாத்தேன். எறங்கி வரப்ப கையில ஒண்ணு. மேசையத் துணியால தொடச்சுச்சுன்னு சொன்னேனில்ல? தொடச்சப்ப அந்தப் பிரிக்காத பாக்கெட்ட எடுத்து, தொடச்சுட்டு, மறுபடியும் கண்ணாடிக்கு முன்னாலயே வெச்சுச்சு. அப்பப் பாத்தேன். பாத்துங்கூட எனக்கு உறைக்கல.

"அம்மா, இன்னொரு பாக்கெட்டு எங்கம்மா?"

"வெச்ச எடத்துல இருக்கும்."

"மறந்துட்டியாம்மா?"

எம்பக்கம் திரும்பி என் தலையத் தடவிக் குடுத்துச்சு.

"தூங்கு சாமி."

தேன் பாட்டல் மூடிய ரெண்டு தடவ திருகற அம்மா. வித்யா, எங்கம்மா எதையும் மறக்காது.

எங்கம்மா மேல என்ன குத்தம் சொல்றது, நீயே சொல்லு. அம்மா அத்தைக்குச் சொட்டு வெச்சுக் காட்டுச்சு, ஆகாதுன்னு எடுத்துச் சொல்லுச்சு, போட மாட்டேன்னு நின்னுச்சு. நாளைக்கு ஆரு கேட்டாலும் எங்கம்மா மேல தப்பில்ல. பாக்கெட்டு மட்டும் அங்க இருக்குது. அத்தையோட வீம்பும் அங்க இருக்குது. வாங்கிட்டு வந்தது நானு.

அம்மா அப்பறம் கண்ண மூடிப் படுத்துக்கிச்சு. ஆனா தூங்கல. எனக்குத் தெரியும். தூங்குனா அம்மாவுக்கு லேசா வாய் தொறந்துக்கும்.

உனக்கு என்ன தோணுது? எனக்குப் பாதி மனசு, படுத்துக்க தேவி, அது தலையெழுத்துன்னு சொல்லுது. பேசுன வாயி வீங்கட்டும்னு சொல்லுது. இன்னும் பாதி, அந்த ஒரு சொட்டுக்கே அவ்வளவு தடிச்சுச்சே, தலை பூரா வெச்சா…

இரு.

இரு இரு. தண்ணிச் சத்தம். மேல பாத்ரூம்ல லைட்டுப் போட்டாச்சு. ஜன்னல் வெளிச்சம் படி மேல விழுது.

நான் போறேன் வித்யா. கட் பண்ணாத. லைன்லயே இரு.

படியேறிட்டு இருக்கேன். கேக்குதா உனக்கு? கதவத் தட்டறேன்.

"அத்தை. நான் தேவிங்க."

மறுபடியும் தட்டறேன்.

"அத்தை, டை போட்டுட்டீங்களா? போடாதீங்கத்தை."

"போய்ப் படு புள்ள. உங்கம்மா வேவு பாக்க அனுப்புனாளா?"

"அம்மா அனுப்பலீங்க. காதுக்குப் பின்னால பாத்தீங்கல்ல, மூச்சு அடைச்சிரும்னு நீங்கதான சொன்னீங்க? தொறங்கத்தை."

"எனக்குத் தெரியும், போடி."

வித்யா, தொறக்க மாட்டேங்குது. தண்ணி இன்னும் ஓடிட்டேதான் இருக்குது. என்ன சொன்னாத் தொறக்கும்? ஒண்ணுதான் இருக்குது. அதையுஞ் சொல்லிட்டா என்னய இந்த ஊட்டுல ஆரும் சேத்துக்க மாட்டாங்க. பரவால்ல.

"அத்தை… காத்தால உங்க தலைல வெச்சது எண்ணெய் இல்லீங்க. தேனு. வேணும்னேதான் வெச்சேன். நீங்க நரைச்சு, அத்தன பேரு முன்னாடி அசிங்கப்பட்டு நிக்கோணும்னு வெச்சேன். இந்த நரை வெளிய வந்தது என்னாலதான். அடிக்கறதுன்னா வந்து அடிங்க. கதவ மட்டும் தொறங்க."

தண்ணி நின்னுருச்சு.

வித்யா, தண்ணி நின்னுருச்சு. கேக்குதா? தாப்பா சத்தம்.

கதவு ஒரு கையளவு தொறந்திருக்குது. அத்தை மூஞ்சி தெரியல. கை மட்டும் வெளிய வருது. சீப்பப் புடிச்சிருக்குது. சீப்புல இருந்து கருப்பாச் சொட்டுது, வாசப்படியில, ஒவ்வொரு சொட்டா.

தலையில வெச்சிருச்சா, வெக்கப் போகுதான்னு தெரியல.

கீழ… வித்யா, கீழ படிக்கட்டுல அம்மா நிக்குது. லைட்டுப் போடல. எவ்வளவு நேரமா நிக்குதுன்னு தெரியல.

"தேவி, எறங்கி வா சாமி"ங்குது. மெதுவாத்தான் சொல்லுது. உப்புப் போதுமான்னு கேக்கற மாதிரி.

நான் அத்தை கையப் புடிச்சுக்கிட்டேன் வித்யா. எறங்கல.